புள்ளி விழாத நகல்

பிப்ரவரி 6

வக்கீல் அம்மாவுக்கு,

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். உறவு கொண்டாட இல்லை. போனில் பேசியிருக்கலாம், உன் குரலைக் கேட்டால் கேட்க வந்தது மறந்து, சண்டை போட வேண்டியது மட்டும் ஞாபகம் வரும். அதனால்தான் தாள்.

டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை. ஆண்கள் அறுவை சிகிச்சை வார்டில் இருபத்துநான்கு நோயாளிகள், நான்கு நர்ஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர். பன்னிரண்டாம் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர். எழுபத்தொரு வயது, இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனவர், சிறுநீரகம் கொஞ்சம் மந்தம். வலியில் துடித்துக்கொண்டிருந்தார். சர்ஜன் எழுதிவிட்டுப் போன சீட்டில் மார்ஃபின் பத்து மில்லிகிராம் என்று இருந்தது. சாதாரண ஆளுக்குச் சாதாரண அளவு. இவருக்கு அதிகமோ என்று சர்ஜனுக்குப் போன் போட்டேன்.

"பத்தா டாக்டர்?"

"எழுதினதைப் போடுங்க சிஸ்டர், நான் தியேட்டர்ல இருக்கேன்."

இரண்டு பத்துக்குப் போட்டேன். இரண்டரைக்கு மூச்சு குறைந்தது. மார்ஃபினை முறிக்கிற மருந்து கொடுத்து, மூச்சுப் பையை நானே அழுத்தினேன். மூன்றேகாலுக்குக் கண்ணைத் திறந்து என்னைத் திட்டினார். பிழைத்துக்கொண்டார்.

இப்போது சர்ஜன் தான் எழுதியது 1.0 என்கிறார். ஒன்று, புள்ளி, பூஜ்யம். எனக்குப் புள்ளி தெரியவில்லையாம். போனே வரவில்லையாம். சீட்டில் இப்போது புள்ளி இருக்கிறது. அன்றைக்கு இல்லாமலே இருந்ததா, இருந்து என் கண்ணில் படவில்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

என் பெயரை ஏன் பதிவிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்டு நர்சுகள் கவுன்சில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. இருபத்திரண்டு வருட வேலை. இப்போது வீட்டில் உட்கார்ந்து சுத்தமாக இருக்கிற பாத்திரங்களையே துலக்கிக்கொண்டிருக்கிறேன்.

உன்னை வாதாடக் கூப்பிடவில்லை. இந்த மாதிரி விசாரணைகளில் பழகிய வக்கீல் ஒருவர் பெயரை எழுது. அது போதும். உன் அண்ணன் "அவளையே கேளேன்" என்று மூன்று நாளாக முணுமுணுக்கிறார். மாதம் ஒருமுறை பள்ளிக்கூட வேலை என்று சொல்லி ரயிலேறி உன்னைப் பார்த்துவிட்டு வருவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நினைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி


பிப்ரவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கையெழுத்தைக் கவரில் பார்த்ததும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே ஒரு கொள்ளைக் கேஸ் கட்சிக்காரர் முக்கால் மணி நேரம் காத்திருந்தார். "கோர்ட்டுல கூட இவ்வளவு நேரம் நிக்க வைக்க மாட்டாங்க மேடம்" என்றார்.

கேட்டது வக்கீல் பெயர். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் தேர்ந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆகஸ்ட் வரை ஒரு கொலை வழக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் உங்கள் ஆஸ்பத்திரிக்கே ஆலோசகர். மூன்றாவதாக ஒரு பெயர் இருக்கிறது. அதை நான் எழுதினால் இந்தத் தாளைக் கிழித்துவிடுவீர்கள்.

பதினெட்டு வருடமாகக் கிரிமினல் கோர்ட்டில் நிற்கிறேன். ஐந்து வருடமாக வாரத்தில் இரண்டு நாள் ஒழுங்கு விசாரணைகள்: டாக்டர், மருந்தாளர், பள்ளி ஆசிரியர், ஒரு தடவை லிஃப்ட் இன்ஜினியர். இது இளைப்பாறுகிற வேலை என்று நினைத்துத்தான் உள்ளே போனேன். கூண்டு கிடையாது, விலங்கு கிடையாது, மேசையில் பிஸ்கட் தட்டு வேறு. போன வருடம் பதிவு ரத்தான மருந்தாளர் ஒருவர் படியில் உட்கார்ந்துகொண்டு, "இனிமே யாராவது நீங்க என்ன பண்றீங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது மேடம்?" என்று கேட்டார். ஆயுள் தண்டனை வாங்கினவர்கூட என்னை அப்படி வாயடைக்க வைத்ததில்லை.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கிரிமினல் கோர்ட்டில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது எதிர்த்தரப்பு. இந்த விசாரணையில் 'பெரும்பாலும் இப்படித்தான் நடந்திருக்கும்' என்று கவுன்சில் குழுவுக்குத் தோன்றினாலே உங்கள் பெயர் போய்விடும். சந்தேகத்தைக் கிளப்பிவிட்டு உட்கார்ந்துகொள்ள முடியாது. நடந்தது என்ன என்று நாமே காட்ட வேண்டும்.

யாரை வக்கீலாக வைத்தாலும், அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒரு மணியிலிருந்து நான்கு மணி வரை ஒன்று விடாமல் எழுதி வையுங்கள். யார் எங்கே நின்றார்கள் என்பது உட்பட.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 17

வக்கீல் அம்மாவுக்கு,

கிழிக்கவில்லை. அந்த மூன்றாவது பெயரையே எடுத்துக்கொள்கிறேன். வேறு வழி இல்லாமல் எடுத்துக்கொள்கிறேன், அதையும் தெரிந்துகொள். கேட்ட மூன்று மணி நேரத்தை எட்டுப் பக்கத்தில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அதோடு ஒரு விஷயத்தை வாய் திறந்து சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் வார்டு உதவியாளர் மருந்து அலமாரியில் திருடினார் என்று கேஸ் நடந்தது. நீ அவருக்கு வக்கீல். எங்கள் தலைமை நர்ஸ் பெரிய சிஸ்டர் சாட்சி. எனக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். என் இரண்டு பிரசவத்துக்கும் பக்கத்தில் நின்றவர். அவர் உட்கார்ந்திருந்த மேசையிலிருந்து அலமாரிக் கதவு தெரியாது என்று நீ வரைபடம் போட்டுக் காட்டினாய். சரி, உன் வேலை. அதற்கு அப்புறம் கேட்டாயே ஒரு கேள்வி. "உங்க கணவர் இறந்து அப்ப மூணு மாசம்தானே? துணி வைக்கிற அறையில போய் தினமும் அழுவீங்களாமே? அன்னிக்கும் அழுதுட்டு இருந்தீங்களா?"

அவர் அழுததைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நான் சொன்னது உன்னிடம் மட்டும்தான், என் சமையலறையில், நீ பாத்திரம் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது. பெரிய சிஸ்டர் கூண்டிலிருந்து உன்னைப் பார்க்கவில்லை. பின்வரிசையில் இருந்த என்னைப் பார்த்தார்.

அதற்கப்புறம் ஐந்தரை வருடம் ஒரே வார்டில் வேலை செய்தோம். "டிரிப் மாத்தியாச்சா?" "மாத்தியாச்சு சிஸ்டர்." அவ்வளவுதான் பேச்சு. ஜனவரியில் ஓய்வு பெற்றார். விடைபெறும்போது எல்லோர் கையையும் பிடித்தார். என்னிடம் தலையை மட்டும் ஆட்டினார்.

எட்டுப் பக்கத்தில் நீயே பார்ப்பாய்: நான் போன் பேசியபோது, ட்யூட்டி இல்லாத நாளிலும் ஸ்டாக் எடுக்க வந்திருந்த அவர் ஓர் அடி தள்ளி நின்று கையுறைப் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி விசாரணையில் அவரை யாரும் கேட்கவில்லை; அவரும் தானாகச் சொல்லவில்லை. அவரிடம் நீ போகக் கூடாது. இது என் நிபந்தனை.

உன் அண்ணி


மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

உறவுக்காரருக்கு வாதாடக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால் அது சொந்தக் கைக்குத் தானே ஊசி போட்டுக்கொள்வது மாதிரி. இனிமேல் நான் கேட்பதெல்லாம் வக்கீல் கேட்பதாகவே இருக்கட்டும்.

போன வாரம் கவுன்சிலின் அனுமதிக் கடிதத்தோடு உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தேன். உங்கள் தெரு வழியாகத்தான் ஆட்டோ போனது. இறங்கவில்லை. கூப்பிடாத வீட்டில் என்ன சொல்லிக்கொண்டு இறங்குவது?

மருந்தகம் கீழ்த்தளத்தில், சலவை அறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மருந்தாளர் நல்ல மனிதர், ஆனால் ஒரு தாளையும் கண்ணிலிருந்து விடமாட்டார்; நான் புரட்டியபோதெல்லாம் என் தோளுக்கு மேலேயே நின்றார். மருந்துச் சீட்டு எழுதும்போது அடியில் கார்பன் இருக்கிறது, நகல் உடனே கிழிக்கப்பட்டு அவரிடம் வருகிறது என்று உங்களுக்கே தெரியும். டிசம்பர் 14, பன்னிரண்டாம் கட்டில், நகல் கிடைத்தது.

அண்ணி, அதில் புள்ளி இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பின்பக்கம் திருப்பி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்று, பூஜ்யம். நடுவில் வெறும் தாள். உங்கள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. இன்றைக்காவது நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

இனி நல்லது இல்லாத பகுதி. அந்த ஊசிக்கு இரண்டு நர்ஸ் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மருந்துப் பதிவேட்டில் இரண்டாவது கையெழுத்து உங்கள் தோழியுடையது, நீங்கள் 'கண்ணாடி' என்று கூப்பிடுகிறவர். இரண்டு பத்துக்கு அவர் ஒரு நோயாளியோடு எக்ஸ்ரே அறையில் இருந்ததாக அந்த அறைப் பதிவு சொல்கிறது. அந்தச் சுருக்கொப்பத்தின் வால் வளைவதையும் உங்கள் கவரில் என் முகவரி வளைவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

எட்டுப் பக்கத்தில் இது இல்லை. கவுன்சில் வக்கீல் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆகும். அதற்கு முன்னால் என்னிடம் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 8

வக்கீல் அம்மாவுக்கு,

என் கடிதக் கவரையே எனக்கு எதிரான சாட்சியாக வைத்துப் பார்த்தாயா? புத்தி மாறவே இல்லை உனக்கு. வேறு யாரையாவது பார்த்துக்கொள்கிறேன். காகிதங்களைத் திருப்பி அனுப்பு.

மார்ச் 9

நேற்று எழுதியதைத் தபாலில் போடவில்லை. உன் அண்ணன் அதை எடுத்து வைத்துக்கொண்டு, "கணக்குல தப்பு வந்தா நான் பசங்ககிட்ட என்ன சொல்வேன்? அழிக்காதே, எந்த வரியில தப்பு வந்துச்சுன்னு காட்டுன்னு சொல்வேன்" என்றார். இருபது வருடத்தில் இந்த மனிதர் எனக்குச் சொன்ன உருப்படியான வார்த்தை இது ஒன்றுதான்.

ஆமாம். அந்தச் சுருக்கொப்பம் நான் போட்டது. கண்ணாடி ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது, "பன்னெண்டுக்கு ஊசி போடணும்னா என் பேரையும் போட்டுக்கங்கக்கா" என்றாள். ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எனக்காகப் போடுவாள், நான் அவளுக்காகப் போடுவேன். வருடக்கணக்காக. யாரும் கேட்டதில்லை. அவளுக்கு இரண்டு குழந்தைகள், வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். அவள் பெயர் வெளியே வரக்கூடாது என்றுதான் மறைத்தேன்.

இது மட்டும்தான் காரணம் என்று எழுதினால் அதுவும் பாதிப் பொய். எனக்கு வெட்கமாக இருந்தது. மற்றவர்களின் பதிவேட்டைத் திருத்தச் சொல்லிக் கத்துகிறவள் நான்.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இதோடு என் கேஸ் முடிந்ததா?

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

முடியவில்லை. நேற்றுத்தான் ஆரம்பித்தது.

விசாரணை தொடங்கியதும், யாரும் கேட்பதற்கு முன்னால், நீங்களே எழுந்து கையெழுத்து விஷயத்தை ஒப்புக்கொள்வீர்கள். அதற்குத் தண்டனை உண்டு, தப்ப முடியாது. ஆனால் கேட்காமலேயே தன் தப்பைச் சொன்னவர், "நான் போன் பண்ணினேன்" என்று சொல்லும்போது குழு நிமிர்ந்து உட்காரும். இந்த அறைகளில் கைதவறியவர்களைவிட மறைத்தவர்கள்தான் அதிகம் அழிந்திருக்கிறார்கள். கண்ணாடியிடம் பேசிவிட்டேன். அழுதார். பிறகு, "அக்கா மட்டும் ஏன் சொல்லணும், நானும் எழுதித் தர்றேன்" என்றார்.

இப்போது நான் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று. அந்த உதவியாளர் திருடவில்லை. உண்மையான ஆள் அடுத்த வருடம் பிடிபட்டார், உங்களுக்கே தெரியும். அலமாரிக் கதவு தெரியாது என்று காட்டியதற்காக நான் என்றைக்கும் வருந்த மாட்டேன். ஆனால் வரைபடத்தோடு அந்த கேஸ் ஜெயித்துவிட்டது அண்ணி. நீதிபதி பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் உட்கார்ந்திருக்க வேண்டும். கோர்ட் நிறைய ஆள், எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள், எனக்கு முப்பத்தைந்து வயது. கையில் இன்னொரு கேள்வி இருந்தது. கேட்டேன். உங்கள் சமையலறையில் கிடைத்தது என்று தெரிந்தே கேட்டேன். அது கட்சிக்காரருக்காகக் கேட்டதில்லை. எனக்காகக் கேட்டது.

இதை ஆறு வருடம் முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும். வாயாடி என்று பெயர் எடுத்தவளுக்கு இந்த நாலு வரி வரவில்லை.

பெரிய சிஸ்டரிடம் போக அனுமதி கொடுங்கள். சாட்சி சொல்ல அழைக்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் வேறு வேலை இருக்கிறது அங்கே.

உங்கள் நாத்தனார்


மார்ச் 19

வாயாடிக்கு,

போ. வாசலிலேயே நிறுத்திவிடுவார், அதற்குத் தயாராகப் போ. செருப்பை ஒழுங்காக ஜோடி சேர்த்து விடு, கோணலாக விட்டால் அவருக்குப் பிடிக்காது.

நாலு வரியையும் படித்தேன். இப்போதைக்கு அதற்குப் பதில் இல்லை.

அண்ணி


மார்ச் 29

அன்புள்ள அண்ணிக்கு,

செருப்பு வரைக்கும் போகவே இல்லை. கேட்டுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கையில் செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாய்.

"சாட்சிக்கு வந்தியா, மன்னிப்புக்கு வந்தியா?" என்றார்.

"ரெண்டுக்கும்தான். ஆனா ரெண்டையும் சேர்த்துக் கேட்க மாட்டேன். இன்னிக்கு மன்னிப்புக்கு மட்டும். நான் கேட்ட கடைசிக் கேள்வி தேவையில்லாதது. தெரிஞ்சே கேட்டேன். உங்ககூட வேலை செஞ்சவங்க என்கிட்ட அதைச் சொன்னது உங்க மேல இருந்த கவலையில. 'அவங்க யார்கிட்டயும் சொல்லாம தனியா அழறாங்க, என்ன பண்றதுன்னு தெரியல'ன்னு சொன்னாங்க. அதை எடுத்து உபயோகப்படுத்தினது நான்."

குழாயைக் கீழே போடாமல் அப்படியே நின்றார். ஒரே தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. வழிந்து என் கால் வரை வந்தது. நான் நகரவில்லை.

"அப்படியா சொன்னா?" என்றார்.

"அப்படித்தான்."

"சரி, போ."

திரும்பி நடந்தேன். தெருமுனை வந்ததும் பின்னால் சத்தம். "ஏம்மா வக்கீல்! தேதி சொல்லாமப் போறியே!"

ஓடி வந்தேன். அப்போது சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உனக்காகச் சொல்ல மாட்டேன். அவளுக்காகவும் சொல்ல மாட்டேன். டாக்டர் பேசினதை என் காதால கேட்டேன், அதனால சொல்வேன். டிசம்பர்லயே சொல்லியிருக்கணும். கோபத்துல வாயை மூடிக்கிட்டேன், அது என் தப்பு. ஆனா அவ அந்த ரூம்ல இருக்கக் கூடாது. அவ மூஞ்சியப் பார்த்தா எனக்குப் பேச்சு வராது."

குழுவிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். இரண்டாம் நாள் நீங்கள் வர வேண்டாம். முதல் நாள் பார்க்கலாம். நீல நிறப் புடவை கட்டிக்கொண்டு வாருங்கள், உங்களுக்கு நன்றாக இருக்கும். இது வக்கீல் சொன்னது இல்லை.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணிக்கு,

நாளை காலை பத்து மணிக்கு எனக்கு வேறு கோர்ட்டில் வழக்கு. ஆனால் இதை எழுதாமல் ஒரு தாளும் படிக்க ஓடாது.

முதலில் நேற்று. நீங்கள் எழுந்து, "ரெண்டாவது கையெழுத்தும் நான் போட்டதுதான்" என்று சொன்னபோது குழுத் தலைவி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு உங்களைப் பார்த்தார். உங்கள் குரல் நடுங்கவில்லை. அப்போது சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன், இத்தனை வருடத்தில் நான் பார்த்த சாட்சிகளிலேயே உங்களை மாதிரி நேராகச் சொன்னவர்கள் குறைவு.

இன்றைக்குச் சர்ஜன். கோட்டு, டை, முகத்தில் சிரிப்பு. நான் மெதுவாக ஆரம்பித்தேன்.

"டாக்டர், மருந்து அளவு எழுதறப்ப புள்ளியை லேசா வைப்பீங்களா, அழுத்தி வைப்பீங்களா?"

"அழுத்தித்தான் வைப்பேன். நோயாளியோட பாதுகாப்பு விஷயம்."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

மருந்தாளர் கொண்டு வந்திருந்த நகல் கட்டை மேசையில் வைத்தேன். டிசம்பர் மாதம் அவர் புள்ளி வைத்து எழுதிய சீட்டுகள் நாற்பத்திரண்டு. நகலில் புள்ளி விழுந்தவை நாற்பத்தொன்று.

"ஒண்ணே ஒண்ணுல மட்டும் விழல டாக்டர். பன்னெண்டாம் கட்டில்."

"கார்பன் தேஞ்சு போயிருக்கும்."

"அதே கார்பன்ல இருபது நிமிஷம் கழிச்சு அடுத்த சீட்டு எழுதியிருக்கீங்க. பதினாலாம் கட்டில், 2.5. புள்ளி இங்கேர்ந்தே தெரியுது."

தண்ணீர் குடித்தார். குழுத் தலைவி நகலை வாங்கி, பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்து, அவர் அடுத்தவரிடம் கொடுத்தார்.

"தெளிவா இருக்கட்டும்னு பின்னாடி வச்சிருப்பேன்" என்றார்.

"பெரியவர் கண் முழிக்கறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"அப்புறம்."

அவ்வளவுதான் அண்ணி. ஒரே வார்த்தை. அவருடைய சொந்த வாழ்க்கையைப் பற்றி எனக்கு வந்து சேர்ந்த செய்தி ஒன்று பைக்குள் இருந்தது. கேட்டிருந்தால் அறையே சப்புக்கொட்டியிருக்கும். உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் பெரிய சிஸ்டர். கஞ்சி போட்ட வெள்ளைப் புடவை, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில். போனில் கேட்டதைச் சொன்னார். கவுன்சில் வக்கீல் விவரமான ஆள். பழைய வழக்கைத் தோண்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஆறு வருஷம் முன்னாடி உங்க கண்ணை நம்ப முடியாதுன்னு இதே வக்கீல் நிரூபிச்சாங்க. இன்னிக்கு உங்க காதை மட்டும் நம்பணுமா?"

பெரிய சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை என்னைத்தான்.

"அன்னிக்கு நான் பார்த்ததா நினைச்சேன். தப்பு. ஒரு நிரபராதி மாட்டியிருப்பாரு. இந்தம்மா காப்பாத்தினாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் உண்டு, அது வேற கணக்கு. ஆனா அன்னிக்கு அவங்க காட்டினது சரி. இன்னிக்கு நான் நினைச்சதைச் சொல்லல சார். போன் என் தோளுக்குப் பக்கத்துல இருந்துச்சு. டாக்டர் எப்பவும் மைக்ல பேசற மாதிரிதான் பேசுவாரு. 'எழுதினதைப் போடுங்க சிஸ்டர்.' வேணும்னா அவரை இங்கேயே சொல்லச் சொல்லுங்க, வெளியில நிக்கறவங்களுக்கும் கேட்கும்."

குழுவில் ஒருவர் சிரிப்பை அடக்க இருமினார். கவுன்சில் வக்கீல் உட்கார்ந்தார். போகும்போது என் காதில், "இந்த மாதிரி சாட்சி எனக்கு ஒண்ணு கிடைக்கக் கூடாதா?" என்றார்.

தீர்ப்பு மூன்று வாரத்தில் எழுத்தில் வரும். பெரிய சிஸ்டர் நேராக நாலு மணி ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 24

வாயாடிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்னாலேயே எனக்கு எல்லாம் தெரியும். எப்படி என்று கேள்.

நேற்றுக் காலை ஏழு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். உன் அண்ணன் பல் தேய்த்தபடியே திறந்தார். பெரிய சிஸ்டர். ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குக்கூடப் போகவில்லை, கையில் பை. உன் அண்ணன் வாயில் நுரையோடு, "உக்காருங்க சிஸ்டர்" என்று சொல்ல முயன்று முற்றம் முழுக்கத் தெளித்தார்.

நேராகச் சமையலறைக்கு வந்தார். அடுப்படியில் நான். என்ன சொல்வது என்று தெரியாமல், "காபி போடட்டுமா?" என்றேன்.

"போடு. சர்க்கரை வேண்டாம். எனக்கு இப்ப சர்க்கரை வந்துடுச்சு, உனக்குத் தெரியாது" என்றார்.

அந்த 'உனக்குத் தெரியாது' என்ற இடத்தில் இரண்டு பேருக்கும் முடியவில்லை. நன்றாக அழுதோம். காபி பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துவிட்டது. பதினோரு மணி வரை இருந்தார். ஆறு வருடக் கதையைப் பேசினோம். அவர் மகளுக்குக் கல்யாணம் நடந்தது, எனக்குப் பித்தப்பைக் கல் எடுத்தது எல்லாம். ஒரே வார்டில் இருந்துகொண்டே இதெல்லாம் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

சர்ஜனை நீ மடக்கியதை வெளியே காத்திருந்தபோது மருந்தாளர் சொல்லக் கேட்டாராம். என் எதிரில் உட்கார்ந்து இரண்டு கையையும் ஆட்டி நடித்துக் காட்டினார். "கெட்டிக்காரிதான், உன் நாத்தனார்" என்றார். "மன்னிச்சுட்டீங்களா சிஸ்டர்?" என்றேன். "அதெல்லாம் மெதுவா நடக்கட்டும். அவசரப்படுத்தாதே" என்றார்.

நானும் உன் நாலு வரிக்குப் பதில் சொல்கிறேன். எனக்கு அவ்வளவு மெதுவாக நடக்காது. எனக்கு நடந்துவிட்டது.

அண்ணி


மே 15

அன்புள்ள அண்ணிக்கு,

தீர்ப்பின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பதினாறு பக்கம். நீங்கள் பொறுமையில்லாதவர் என்பதால் முதலில் இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

தவறான அளவு கொடுத்த குற்றச்சாட்டு: நிரூபிக்கப்படவில்லை. அதோடு நிறுத்தாமல், 'சந்தேகம் வந்தவுடன் மருத்துவரை அழைத்துக் கேட்டதும், நோயாளியைக் காப்பாற்றியதும் கவனமுள்ள ஒரு செவிலியரின் செயல்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்த வரியின் கீழே நான் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். கையெழுத்து விஷயம்: நீங்களே ஒப்புக்கொண்டதால் கடிந்துரை மட்டும். ஒரு வருடம் உங்கள் பதிவில் நிற்கும், பதவி உயர்வு கிடையாது. கண்ணாடிக்கும் அதே. பெயர் நீக்கம் இல்லை. வேலைக்குத் திரும்பலாம். கடைசிப் பக்கத்தில் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு குட்டு: ஆள் பற்றாக்குறை பற்றிப் பெரிய சிஸ்டர் ஒன்பது கடிதம் எழுதியும் ஒன்றுக்கும் பதில் போகாதது ஏன்?

ஜெயித்துவிட்டோம் அண்ணி! நீதிபதி விடுதலை சொல்லிக் கட்சிக்காரர் என் காலில் விழுந்ததுண்டு. அன்றைக்கெல்லாம் வராத அழுகை இன்றைக்கு வந்தது. என் குமாஸ்தா பயந்துபோய், "தோத்துட்டோமா மேடம்?" என்று கேட்டார்.

இன்னொரு செய்தி. சர்ஜன் மீது மருத்துவர் கவுன்சில் விசாரணை ஆரம்பித்திருக்கிறது. நேற்று அவர் ஆள் அனுப்பியிருந்தார். என்னைத் தன் வக்கீலாக வைத்துக்கொள்ள முடியுமா என்று! உங்களுக்கு வாதாடிய நான் அவருக்கு வாதாட முடியாது, விதி இடம் கொடுக்காது. மறுத்துவிட்டேன். ஆனால் கொலை வழக்கில் மாட்டிக்கொண்டிருந்தாரே, வழக்கு முன்கூட்டியே முடிந்துவிட்டது, அந்த நல்ல வக்கீலின் பெயரை எழுதிக் கொடுத்தனுப்பினேன். உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரியும். சொல்லாமல் மறைக்க மனமில்லை.

உங்கள் நாத்தனார்


ஜூன் 3

வாயாடிக்கு,

சர்ஜனுக்கு நீ வக்கீல் பெயர் கொடுத்ததைப் படித்துவிட்டுக் கரண்டியைச் சுவரில் அடித்தேன். அரை மணி நேரம் கழித்து எனக்கே புரிந்தது. பிப்ரவரியில் எனக்கு அந்த மாதிரி ஒரு பெயர்தானே வேண்டியிருந்தது. அவருக்கும் தூக்கம் இருக்காது. இருக்கட்டும், கொடுத்தது சரிதான். கரண்டிதான் வளைந்துவிட்டது.

நேற்று ட்யூட்டியில் சேர்ந்தேன். சீருடை கொஞ்சம் தொளதொளவென்றிருக்கிறது. லிஃப்ட்டில் ஏறினால் பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று நிறுத்தினார்கள். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. கண்ணாடி ஓடி வந்து கட்டிக்கொண்டாள். பின்னால் வார்டு ஆட்கள் அத்தனை பேரும், சலவை அறைக்காரர்கள்கூட. அந்த மருந்தாளர் கீழ்த்தளத்தை விட்டு மேலே வந்ததை இருபது வருடத்தில் யாரும் பார்த்ததில்லையாம். அவரும் நின்றார், கையைக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா மாதிரி.

நன்றி என்று ஆரம்பித்துப் பேசினால் அழுதிருப்பேன். "ஏழாம் கட்டில் டிரிப் முடிஞ்சு எவ்வளவு நேரம் ஆச்சு? யாரும் பார்க்கலியா?" என்று ஒரு சத்தம் போட்டேன். கூட்டம் கலைந்து ஓடியது.

ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் புது ட்யூட்டிப் பட்டியல் ஒட்டியிருக்கிறார்கள். அச்சடித்து, நிர்வாகியின் முத்திரையோடு. வார்டுக்கு நான்கு பேர். நான் இரண்டு தடவை எண்ணினேன். பக்கத்தில் நின்ற கண்ணாடி, "நாலுதான்க்கா, நானும் எண்ணிட்டேன்" என்றாள்.

நான்காவதாக இருப்பது என் பெயர்.

வருகிற ஞாயிறு எனக்கு ட்யூட்டி. அதற்கு அடுத்த ஞாயிறு வீட்டில்தான் இருப்பேன். நீ வருகிறாய். உன் அண்ணன் இனிமேல் பள்ளிக்கூட வேலை என்று சொல்லிக்கொண்டு ரயிலேற வேண்டாம். எனக்கு முதலிலிருந்தே தெரியும் என்று நேற்றுச் சொன்னேன். மனிதர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெரிய சிஸ்டரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். "அந்த வக்கீல் வந்தா சமையல் யாரு?" என்று கேட்டார். நீதான் என்று சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. தாமதமாக வந்தால் விசாரணை உண்டு.

உன் அண்ணி